நன்கொடையாக வந்த மச்சான்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அவர் நன்கொடையாகக் கொடுக்கப்பட்டார். சும்மா சொல்லவில்லை, ரசீது இருக்கிறது. எண், தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருக்கிறது. "மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று. றெக்கை இல்லாத மேசை மின்விசிறி இரண்டு. மச்சான் ஒருவர், உபயோகித்தது, நல்ல நிலை." மின்விசிறிகளின் நிலையைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதவில்லை.

கொடுத்தவர் அவருடைய அத்தான். அக்காவின் புருஷன், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாங்கிக்கொண்டது, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிறிஸ்தவ ஊழிய இல்லம். அதன் வண்டி மாதத்துக்கு ஒரு தடவை தெருத் தெருவாக வந்து வேண்டாத சாமான்களை ஏற்றிக்கொண்டு போகும். அன்று அத்தான் பழைய சோபாவைத் தள்ளிவிட முடிவு செய்திருந்தார். சோபாவில் மச்சான் உட்கார்ந்திருந்தார். தூக்க வந்த இரண்டு பேரும் மரியாதை தெரிந்தவர்கள். மச்சான் மழையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததால், நடுவில் குறுக்கிட வேண்டாமே என்று அப்படியே தூக்கிவிட்டார்கள். தூக்கிய பிறகு இறங்கினால் அவர்களுக்குக் கால் தடுமாறுமே என்று இவரும் அசையாமல் இருந்துவிட்டார்.

வாசலில் வண்டி ஓட்டுநர் படிவத்தை நீட்டிக்கொண்டே, "சார், இவரும் சேர்த்தா?" என்று கேட்டார். பதினோரு வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சை அத்தான் அப்போதுதான் விட்டார். "எழுதிக்குங்க," என்றவர், பிறகு என்ன நினைத்தாரோ, படிவத்தைப் பிடுங்கித் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். கோபத்தில் எழுதினாரா, விளையாட்டுக்கு எழுதினாரா என்று பிற்பாடு கேட்டபோது அவருக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா கடைக்குப் போயிருந்தாள்.

மச்சானைச் சோம்பேறி என்று சொல்பவர்கள் ஆளைச் சரியாகப் பார்க்காதவர்கள். காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். குளித்துத் துணி துவைத்துப் போட்டுவிடுவார். அவரிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்த இடத்திலிருந்து எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. நமக்கெல்லாம் அது தானாக வந்துவிடுகிறது. ஒரு பேச்சு முடியும், முழங்காலைத் தட்டிக்கொண்டு "சரி, அப்ப நான் கிளம்பறேன்" என்று எழுந்துவிடுகிறோம். அவருக்கு அந்த இடைவெளி மட்டும் கண்ணில் படாது. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்தால் அவமரியாதை. பேசாமல் இருக்கும்போது எழுந்தால் சலித்துவிட்டது என்று நினைப்பார்கள். தேநீர் வந்தால் குடிக்காமல் போக முடியாது. குடித்த கையோடு எழுந்தால் இதற்குத்தான் வந்தானா என்று ஆகிவிடும். இப்படி ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது, பொழுது சாய்ந்துவிடும்.

இருபத்து மூன்று வயதில் குடைக் கம்பெனி ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். கேள்வி எல்லாம் கேட்டு முடித்து, "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். மேலே ஏதாவது சொல்லப் போகிறார்களோ என்று உட்கார்ந்தே இருந்தார். மறுநாளும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள், சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று யாரோ ஒரு கட்டுத் தாளை அவர் முன்னால் வைத்தார்கள். அப்படித்தான் வேலை கிடைத்தது. பதின்மூன்று வருஷம் வேலை பார்த்தார். கம்பெனியை மூடின அன்று எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடத்தை வாங்கியவர் சாமான்களைச் சரிபார்க்க வந்தபோது இரண்டு இரும்பு அலமாரிகளுக்கு நடுவே இவர் உட்கார்ந்திருந்தார். அந்த ஆள் சொல்லி அனுப்பித்தான் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனாள். "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போடா தம்பி," என்றாள். அந்த இரண்டு வாரம்தான் பதினோரு வருஷம்.

இனி இல்லத்துக்கு வருவோம். அதைத் தொடங்கிய பெரிய போதகர் இரண்டே இரண்டு விதிகளை வைத்துவிட்டுப் போயிருந்தார். எவர் எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஏழைகள் கொடுக்கும் பழந்துணியை யாராவது முகம் சுளித்துத் திருப்பிவிடக் கூடாதே என்ற நல்ல மனசில் வைத்த விதி அது. இதன் புண்ணியத்தில் இல்லத்தின் சாமான் கிட்டங்கியில் ஒற்றைக் கால் செருப்பு ஒரு பெட்டி நிறைய இருந்தது. ஏழு பியானோ இருந்தது. வாசிக்க ஒருவரும் இல்லை.

ரசீது எழுதுகிற அம்மாள் பத்தொன்பது வருஷமாக அந்த மேசையில் இருப்பவர். படிவத்தில் இருப்பதை எழுதுவார், ஆளைப் பார்க்க மாட்டார். எழுதி, முத்திரை குத்தி, நானூற்றுப் பதினேழு என்று ஒரு அட்டையை நூலில் கோத்து நீட்டியபோதுதான் எதிரில் சட்டைப் பொத்தான் இருப்பதைக் கவனித்தார்.

"இது எதுல கட்டணும்?" என்று கேட்டார்.

"சட்டைல கட்டிக்கலாமாங்க?" என்றார் மச்சான்.

"கட்டிக்குங்க. நனையாமப் பாத்துக்குங்க."

அவ்வளவுதான். அன்றிலிருந்து ரசீதில் உள்ள பெயரே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. சமையற்காரரும் மச்சான் என்றார், இப்போதிருந்த வயசான போதகரும் மச்சான் என்றார். ரசீது அம்மாளுக்கு மட்டும் அப்படிக் கூப்பிடக் கூச்சமாக இருந்ததால் "மச்சான் சார்" என்று கூப்பிட்டார்.

சாயங்காலம் அக்கா அழுதுகொண்டு ஓடிவந்தாள். "அவர் ஏதோ கோவத்துல எழுதிட்டாருங்க. எந்தம்பியைக் குடுத்துருங்க," என்றாள். ரசீது அம்மாள் சுவரில் மாட்டியிருந்த இரண்டாம் விதியைக் கையால் காட்டினார். "வேணும்னா வருடாந்திர விற்பனைல வந்து எடுத்துக்குங்கம்மா," என்றும் சொன்னார். அதை நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

இல்லத்துக்கு அப்போது ஒரு புது இயக்குநர் வந்திருந்தார். முப்பத்தெட்டு வயசுப் பெண்மணி, நடக்கும்போதே குறிப்பெழுதுகிறவர். அவருக்கு உண்மையிலேயே ஒரு கவலை இருந்தது. மாடியில் பதினெட்டுப் பேர் படுத்திருந்தார்கள். லிஃப்ட் பழுதாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பதினெட்டுப் பேரும் இரண்டு வருஷமாகத் தோட்டத்தைப் பார்க்கவில்லை. லிஃப்ட் கம்பெனிக்காரன் மாதா மாதம் பராமரிப்புக்குக் கையெழுத்துப் போட்டால்தான் கை வைப்பேன் என்றுவிட்டான். ஒற்றைச் செருப்பும் பியானோவும் மாதா மாதம் வருமே தவிர, பணம் வராது. "நமக்கு வேண்டியது திடீர்க் காணிக்கை இல்லைங்க, நிலைச்ச வருமானம். அதுக்குப் புதுமையா யோசிக்கணும்," என்று அவர் குழுக் கூட்டத்தில் சொன்னார். சொல்லிவிட்டு மஞ்சள், பச்சை, ரோஜா நிறங்களில் சின்னத் தாள்களை எல்லார் கையிலும் கொடுத்து, மனசில் தோன்றுவதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். வயசான போதகர் மூன்று நிறத்திலும் "ஜெபம்" என்று எழுதி ஒட்டினார். வேறு யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வருடாந்திர விற்பனை வந்தது. மச்சானையும் சோபாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சோபாவில் உட்கார்ந்தால் விற்காது என்று அவரை நிற்கச் சொன்னார்கள். சோபா அரைமணி நேரத்தில் போய்விட்டது. ஒரு அம்மாள் மச்சானைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஜன்னல் கண்ணாடி துடைப்பாரா?" என்று கேட்டார். "பழக்கம் இல்லைங்க," என்றார் அவர் உண்மையாக. அந்த அம்மாள் ஒரு பியானோவை வாங்கிக்கொண்டு போனார். அக்கா வரவில்லை. மதியம் வரைக்கும் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்கு மேல் பார்க்கவில்லை.

விற்பனையில் போகாத பொருள் மூன்று மாசத்துக்குள் இல்லத்துக்கு ஏதாவது ஒரு விதத்தில் உதவ வேண்டும். உதவாவிட்டால் பழைய சாமான்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். இதை ரசீது அம்மாள்தான் மெல்லச் சொன்னார். "ஒண்ணும் பயப்படாதீங்க மச்சான் சார். அவர் நல்ல மனுஷன். போன வருஷம்கூடத் தராசெல்லாம் சரியா வச்சிருந்தார்." மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய சாமான்காரர் என்ன செய்வார் என்பதல்ல அவர் பயம். இங்கேயே இருந்துவிடு என்று ஒரு இடத்திலும் யாரும் சொன்னதில்லையே, நாற்பத்தேழு வயசில் இங்கேயும் அப்படித்தானா என்பதுதான். தூக்கி வந்த இடத்திலாவது ஒட்டிக்கொள்ள முடியாதா என்று அவர் ஏங்கினார்.

இயக்குநர் ஒரு நாள் கைக்கு வேறு ஆள் கிடைக்காமல், நன்கொடை கேட்கும் துண்டுத்தாளை அவர் கையில் கொடுத்துப் பல் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். "குடுத்துட்டு வந்துருங்க," என்றார். கொடுத்துவிட்டு வருவது அவருக்குத் தெரியாது என்பது பாவம் இயக்குநருக்குத் தெரியாது.

காலை ஒன்பதரைக்குப் போனவரை டாக்டர் உட்காரச் சொன்னார். பதினொன்றரைக்கு டாக்டரின் மனைவி இரண்டாம் முறை தேநீர் கொடுத்தார். ஒரு மணிக்கு அவர்கள் சாப்பிட வேண்டியிருந்தது, அவரை வைத்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை, சாப்பிடச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மூன்று மணிக்கு டாக்டர் அவரெதிரிலேயே கடிகாரத்தைக் கழற்றிச் சாவி கொடுத்தார். மச்சான், "நல்ல கடிகாரங்க," என்றார். நாலரைக்கு டாக்டர் துண்டுத்தாளை முதல் தடவையாகப் படித்தார். மாதா மாதம் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டு, அதை அவர் பையில் வைத்து, பையை அவர் தோளில் மாட்டி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

இயக்குநர் அந்தத் தாளைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். அடுத்த நாள் அவரை ஒரு வழக்கறிஞர் வீட்டுக்கு அனுப்பினார்.

ஆறு வாரத்தில் சுவரில் ஒட்டியிருந்த காணிக்கை வரைபடம் ஏணியாக ஏறியது. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் தலைவாரி, அட்டையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, துண்டுத்தாளோடு கிளம்பிவிடுவார். போகிற வீடெல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புகிறார்கள், சிலர் தெருமுனை வரைக்கும்கூட. "என்னமோ தெரியலைங்க, எல்லாருக்கும் என்னைப் புடிச்சுப் போச்சு," என்று ரசீது அம்மாளிடம் சொல்லிச் சிரித்தார். ரசீது அம்மாள் மைப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

லிஃப்ட் ஓடியது. பதினெட்டுப் பேரையும் கீழே இறக்கித் தோட்டத்தில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். ஒரு வயசான தச்சர், "இந்தச் செடி இவ்ளோ வளந்துருச்சா?" என்று கேட்டார். மச்சான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டும் வரைக்கும் ஒவ்வொரு செடியாகப் பார்த்தார். பழைய சாமான்காரரைப் பற்றி இப்போது யாரும் பேசவில்லை.

இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய் இதைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். ஒன்பது ஊழியங்களிலிருந்து ஆட்கள் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களும் தங்கள் தங்கள் மச்சான்களை வீடு வீடாக அனுப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த மச்சான்கள் எல்லாம் அரைமணி நேரத்தில் "சரி, அப்ப நான் கிளம்பறேன்" என்று எழுந்துவிட்டார்களாம். அது சொல்லிக் கொடுத்து வருகிற வித்தையா என்ன.

ஒரு வியாழக்கிழமை ரசீது அம்மாளுக்குக் காய்ச்சல். படிவங்களை அடுக்கி வைக்கச் சொல்லி மச்சானை உட்கார வைத்தார்கள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி வந்த படிவத்தை அவர் அதுவரை முழுசாகப் பார்த்ததில்லை. அதன் கடைசியில் இயக்குநர் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார். "மாதக் காணிக்கை தொடரும்வரை மச்சான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம்." பல் டாக்டர் புதுப் படிவம் கேட்டு வாங்கி அதில் டிக் போட்டிருந்தார். வழக்கறிஞர் இரண்டு தடவை டிக் போட்டிருந்தார். அறுபத்து மூன்று வீடு. அறுபத்து மூன்றிலும் டிக். நாற்பதாவதோ என்னவோ, அவர் போகாமலே தபாலில் வந்த ஒன்று, அதில் அத்தானின் பெயர் இருந்தது. கையெழுத்து அக்காவுடையது. சின்ன வயசில் அவருக்கு அ எழுதச் சொல்லிக் கொடுத்த கை அது, அவருக்குத் தெரியாதா.

அழுதார் என்றே சொல்லிவிடலாம். சத்தம் வராமல், படிவம் நனையாமல், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. அவ்வளவு வீட்டிலும் வாசல் வரைக்கும் வந்தது அன்பில்லை, கதவைச் சாத்தத்தான் என்பது அந்த மேசையில் உட்கார்ந்துதான் அவருக்குப் புரிந்தது. பிறகு மிச்சத்தையும் அடுக்கினார். கடைசியாக அறுபத்து நாலாவது ஒன்று இருந்தது, அதில் டிக் இல்லை. கட்டத்துக்குள் இருந்த வாக்கியத்தையே கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே அளந்து வைத்த எழுத்தில் ஒருவர் எழுதியிருந்தார். "எப்போது வருவார்?"

அது ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் வீடு. மச்சானுக்கு நினைவிருந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து இரண்டே வாக்கியம் பேசிய வீடு.

அவர் அதை நீட்டியபோது இயக்குநருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "தப்பா அடிச்சிருப்பார். போன் பண்ணிக் கேட்டுக்கலாம். நீங்க போய், அவரும் மத்தவங்க மாதிரி ஆயிட்டார்னா?" என்றார். பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்தார். மேசையில் அடுக்கியிருந்த படிவங்களைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "மச்சான், நான் அந்தக் கட்டத்தைப் போட்டிருக்கக் கூடாது," என்றார்.

"லிஃப்ட் ஓடுதுல்லங்க," என்றார் மச்சான். "இந்த ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன். இந்தத் தடவை சீக்கிரம் வந்துடுவேன்."

மறுநாள் போகிற வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார். முழங்காலைத் தட்ட வேண்டும். சரி, அப்ப நான் கிளம்பறேன். எழுந்துவிட வேண்டும். இனி ஒரு வீட்டுக்கும் பாரமாக இருக்கக் கூடாது.

அளவையாளர் கதவைத் திறந்தார், ஜன்னலோரம் இருந்த நாற்காலியைக் காட்டினார். அறையில் இரண்டே நாற்காலிகள். ஒன்று அவருடையது, கை வைக்கும் இடம் தேய்ந்திருந்தது. மற்றதும் அதேபோலத் தேய்ந்திருந்தது, ஆனால் வேறு கை. அதன் முதுகில் ஒரு பெண்ணின் சால்வை மடித்துப் போட்டிருந்தது. சுவரெல்லாம் வரைபடம். மச்சான் சால்வையில் முதுகு படாமல் உட்கார்ந்தார்.

அளவையாளர் ஒரு பழைய வரைபடத்தை விரித்து, எல்லைக் கோடுகளைப் பென்சிலால் கெட்டிப்படுத்த ஆரம்பித்தார். எப்போதாவது நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே ஆள் இருந்தது. திரும்பவும் குனிந்துகொண்டார். தேநீர் போட்டார், குடித்தார்கள். வெயில் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குப் போனது. மச்சான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நேரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ இடைவெளிகள் வந்தன. இத்தனை வருஷமாக இவ்வளவு இடைவெளிகள் இருந்திருக்கின்றனவா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பென்சில் முனை ஒடிந்தது. அளவையாளர் அதைச் சீவக் கையை நீட்டினார். இதுதான், இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மச்சான் முழங்கால் இரண்டையும் தட்டினார்.

"சரிங்க. அப்ப நான் கிளம்பறேன்."

எழுந்தே விட்டார். நாற்பத்தேழு வருஷத்தில் அவராக எழுந்தது அதுதான் முதல் தடவை.

அளவையாளர் பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். காலை பத்து மணிக்கு வந்தவரை, சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு, ஏதோ தப்புப் பண்ணிவிட்டோமோ என்கிற முகத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பதானே வந்தீங்க," என்றார். "உட்காருங்க."

நாற்காலி பின்னால் எங்கே இருக்கிறது என்று மச்சானுக்குத் தெரியவில்லை. கையால் துழாவினார். பிறகு உட்கார்ந்தார். இந்தத் தடவை சால்வை முதுகில் பட்டது, அளவையாளர் அதைப் பார்த்துவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.